நீலமூடியா தங்கமூடியா

"நீலமூடி போதும் அண்ணி, சொன்னாக் கேளுங்க..."

"எனக்குத் தெரியாத என் தம்பி மூஞ்சியா? தங்கமூடியே எடு!"

"மூஞ்சி உங்களுக்குத் தெரியும். அதுல தினமும் பூசிவிடறது யாரு? நான்தானே?"

"பூசிப் பூசித்தான் அவனை இந்தக் கதிக்கு ஆக்கிட்டே!"

அலங்காரச் சாமான் கடையின் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்ற விற்பனைப் பெண், அண்ணிக்கும் தம்பி மனைவிக்கும் நடுவே யார் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஆட்டிவைத்தாள். மேஜைமேல் வெயிலுக்குப் பூசும் ஜப்பான் சன்ஸ்கிரீன் குழாய்கள் இரண்டு கிடந்தன. ஒன்றுக்கு நீல மூடி, ஒன்றுக்குத் தங்க மூடி.

அவளைச் சோதனைக்குத்தான் வேலைக்கு வைத்திருந்தார்கள். இன்று கடைசி நாள். "தங்கமூடி பெட்டி பெட்டியாத் தேங்கிக் கிடக்கு. இன்னிக்கு ஒண்ணாவது வித்துக் காட்டு. முடியலேன்னா நாளைக்கு வீட்டுலயே இரு" என்று முதலாளி சொல்லிவிட்டார். சொன்ன மனுஷன் இப்போது பில் போடும் மூலையில் உட்கார்ந்து, காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

அவளோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி. விலைச்சீட்டு ஒட்டும்போது டப்பாவோடு பேசுவாள், பூட்டைத் திறக்கும்போது பூட்டோடு பேசுவாள். இன்று காலை, கூட்டத்தை இழுக்க முதலாளி வாசலில் புதிதாக நிறுத்தியிருந்த செம்புச் சிலை அகப்பட்டது. தொப்பி வைத்த ஆள், ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கையில் தன் குடையை மாட்டிவிட்டு, மூக்கைத் துணியால் துடைத்துவிட்டாள். துணியெல்லாம் செம்பு நிறம். மட்டமான பெயிண்ட் என்று நினைத்துக்கொண்டு, துடைத்த கையோடு மனசில் இருந்ததையும் கொட்டிவிட்டாள்.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன? நீலமூடிதான் உருப்படி. தங்கமூடி வெறும் மினுக்கு. ஆனா அதை வித்தாத்தான் எனக்குச் சோறு."

இப்போது வாடிக்கையாளர் முன்னால் சிரித்தபடி கேட்டாள். "யாருக்கும்மா? கல்யாண மாப்பிள்ளைக்கா?"

"மாப்பிள்ளையாகி வருஷக்கணக்காச்சு" என்றாள் மனைவி. "நாள் பூரா வெயில்ல நிக்கிற வேலை. மேலே கனமா மேக்கப் வேற. அடியில போடறது சரியில்லேன்னா எல்லாம் திரிதிரியா உருண்டு வந்துடுது."

"போன வாரம் மூக்கோரம் உரிஞ்சு வந்து, ஒரு குழந்தை வீல்னு கத்திடுச்சு" என்றாள் அண்ணி.

"ஐயோ! சினிமாவுல இருக்காரா?"

"சினிமாவா!" அண்ணி உதட்டைப் பிதுக்கினாள். "அதுல பத்துத் தடவை தப்புப் பண்ணலாம். என் தம்பி ஒரு தும்மல் போட்டாப் போதும், பொழப்பு போச்சு."

பெரிய இடம்தான் போலிருக்கிறது என்று விற்பனைப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரையே கூட்டிட்டு வந்தா, போட்டுப் பார்த்தே வாங்கலாமே?"

"வேலையில இருக்கார்மா. இப்ப அசைய முடியாது."

"வந்தா மட்டும்? வாயைத் திறந்துட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்!" என்றாள் அண்ணி. குழாயைத் திருப்பி ஜப்பான் எழுத்தை முறைத்தாள். "இதைத் தேய்க்கணுமா, திங்கணுமான்னுகூடப் புரியலை. ஆனா தங்க மூடி போட்டிருக்கான்னா சும்மாவா போட்டிருப்பான்?"

மனைவி இரண்டு கையையும் நீட்டினாள். இடது கையில் நீலமூடி, வலது கையில் தங்கமூடி பூசிப் பார்த்தாள். ரெண்டுக்கும் மேலே மேக்கப். இடது கையில் தண்ணீர் மாதிரி இறங்கி, பூசியதே தெரியாமல் உட்கார்ந்துகொண்டது. வலது கையில் தேய்க்கத் தேய்க்க, ரப்பர் அழித்த தூள் போல உருண்டது. விற்பனைப் பெண் அந்த உருண்டைகளை விரலாலேயே வழித்து முந்தானைக்குள் மறைத்தாள்.

"பாருங்க அண்ணி, உருள்றது!"

"உன் கை அப்படி! சொரசொரப்பு!" அண்ணி விற்பனைப் பெண் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. பார்த்தாப் பொய் சொல்ற பொண்ணாத் தெரியலை. எது நல்லது?"

மூலையில் முதலாளி இருமினார்.

விற்பனைப் பெண் தங்கமூடியை முன்னால் தள்ளினாள். "தங்கமூடிதாங்க. நானே தினமும் அதைத்தான் போடறேன். எங்க வீட்டுல எல்லாருமே அதுதான். நீலத்தை நான் யாருக்கும் சொல்றதே இல்லை."

"கேட்டியா?" அண்ணியின் முகத்தில் வெயில் அடித்தது.

மனைவி இரண்டு குழாயையும் கையில் எடுத்தாள். "சரி, எதுக்கும் அவரை ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

வாசல் பக்கம் நடந்தாள். அங்கே போனால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். வாயருகில் வந்த சோறு கைநழுவிப் போகக் கூடாதே என்று விற்பனைப் பெண்ணும் பின்னாலேயே ஓடினாள். வேடிக்கை பார்க்க முதலாளியும் எழுந்து வந்தார்.

மனைவி போனை எடுக்கவில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு, இரண்டு குழாயையும் செம்புச் சிலையின் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"தங்கமூடிதான் நல்லதுன்னு இந்தப் பொண்ணு அடிச்சுச் சொல்லுதுங்க. வாங்கிடட்டுமா?"

சிலையின் கையிலிருந்து குடை நழுவிக் கீழே விழுந்தது.

"காலையில என்கிட்ட வேற மாதிரி சொன்னியேம்மா?"