பில் போடாத கண்ணாடி

கண்ணாடி இல்லாமல்தான் தனக்கு உலகம் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது என்றார் அவர்.

மனைவியிடம் சொல்வதாக நினைத்து ஃப்ரிட்ஜிடம் சொன்னார்.

"நான் இங்க இருக்கேன்," என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

பழைய கண்ணாடி புதன்கிழமை உடைந்தது. அவரேதான் அதன்மேல் உட்கார்ந்தார். அன்றைக்கே புதியதற்கு ஆர்டர் கொடுத்தார்.

மறுநாள் செய்தியில் சொன்னார்கள். திங்கட்கிழமை முதல் மூக்குக்கண்ணாடிக்கு வரி குறைகிறது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல.

ஆனால் ஆர்டர் கொடுத்தது பழைய வரி இருக்கும்போது ஆயிற்றே? கடைக்காரர் சந்தேகத்தைத் தீர்த்தார்.

"சார், ஆர்டர் தேதி கணக்கில்ல. பில்லு போட்டுப் பொருளைக் குடுக்கிற தேதிதான். இந்த வாரம் வாங்கினா பழைய வரி. திங்கக்கிழமை வாங்கினா புதுசு."

"அப்ப திங்கக்கிழமை வரைக்கும் எனக்குக் கண்ணு தேவையில்ல," என்றார் அவர்.

வேலை பார்த்த காலமெல்லாம் சம்பளத்தில் வரி பிடித்த அரசாங்கம். ஓய்வு பெற்றவருக்கு அதை ஜெயிக்க வேறு எப்போது வாய்ப்பு வரும்?

வெள்ளிக்கிழமையே கண்ணாடி தயாராகிவிட்டது. கடை அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அவர்தான் பத்திரமாக இல்லை.

கடைவீதியில் ஓர் எருமைக்கு வணக்கம் வைத்தார். அது பதில் வணக்கம் வைத்ததாக வீட்டில் வந்து சொன்னார். செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, நாடு நன்றாகத்தான் இருக்கிறது என்று மடித்து வைத்தார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, உட்கார்ந்து, பாதி காபி குடித்த பிறகே அது தன் வீடு இல்லை என்று தெரிந்தது. காபி நன்றாக இருந்ததில்தான் சந்தேகம் வந்ததாம்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதிலியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஜாதகம் பொருந்தியாயிற்று. போட்டோவும் வந்தாயிற்று. மகள் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்.

"அப்பா நேர்ல பாத்துட்டுச் சரின்னு சொன்னா, எனக்கும் சரி."

"பாக்க வேண்டியவர் நீங்க. எதை வச்சுப் பாப்பீங்க?" என்று கேட்டாள் மனைவி.

அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்துப் புன்னகைத்தார்.

சனிக்கிழமை அவளே கடைக்குப் போன் போட்டாள்.

"சார் கண்டிப்பா சொல்லிட்டாரும்மா. வீட்டுலேர்ந்து யார் வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு."

போனை வைத்தாள். மிச்சமாகப் போவது ஒரு வாரத்துக் காய்கறிக்குக்கூடக் காணாது. அவளுக்கு அழுகை வந்தது. வெங்காயத்தை எடுத்து நறுக்கத் தொடங்கினாள்.

ஞாயிறு. வந்தார்கள்.

அவருக்கு நிறங்கள் வந்தன. ஓர் ஊதா. ஒரு பச்சை. கொஞ்சம் பழுப்பு. ஊதாவின் கழுத்தில் நகைக்கடையே மின்னியது. எல்லா நிறங்களுக்கும் பொதுவாக ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்தார்.

மைதிலி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"தம்பிக்கு வேலை எந்தப் பக்கம்?" என்று மனைவி தொடங்கினாள்.

"பெங்களூருலங்க. கம்பெனி காரே வாசல்ல வந்து கூட்டிட்டுப் போயிடும்," என்றது ஊதா.

"சாப்பாடெல்லாம் எப்படி?"

"காரம் மட்டும் ஆகாது அவனுக்கு."

"பொண்ணைப் பிடிச்சிருக்கா தம்பி?"

"பிடிச்சிருக்கு அவனுக்கு," என்றது ஊதா.

சோபாவில் அவருக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. விருந்தாளிகளுக்காக உறை மாற்றிய தலையணை. அப்படித்தான் நினைத்தார். அதன்மேல் கையை நன்றாக ஊன்றிக்கொண்டு, முன்னால் குனிந்து, மரியாதையாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை பின்னாடி வண்டியில வர்றாருங்களா?"



தலையணை நெளிந்தது.

"இங்கதான் உக்காந்திருக்கான்," என்றது ஊதா.

கார் தெருமுனை திரும்பும்வரை மனைவி பொறுத்திருந்தாள்.

"பக்கத்துல உக்காந்திருக்கிற பையன் தெரியல உங்களுக்கு. கையை வேற ஊனிக்கிட்டு. இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் அவங்ககிட்டப் பேசுவேன்?"

"சத்தமே வரலையேம்மா," என்றார் அவர்.

"சத்தம் வரலையாம். கேட்டதுக்கெல்லாம் எவ்வளவு பதவிசா பதில் வந்துச்சு. உங்களுக்குக் காதும் போச்சு. அதுக்கும் எங்கயாவது வரி குறையட்டும்."

போனை எடுத்தாள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம் சரி என்று சொல்ல வேண்டும்.

மைதிலி வந்து டம்ளர்களை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, அவரு குரல் எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்ல குரல்டி. வேலையப் பத்திக் கேட்டேன்ல, அப்ப சொன்னானே…"

நிறுத்தினாள்.

"சாப்பாட்டைப் பத்திக் கேட்டப்ப…"

மறுபடி நிறுத்தினாள். சோபாவின் அந்த மூலையைப் பார்த்தாள். போனில் பெயர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. விரல் அதைத் தொடவில்லை.

 

"பேசலடி," என்றாள் அவள், மெதுவாக. "அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசல."