நாங்கள் ஏரிக்குப் போன ஞாயிறு

கதவைத் திறந்தால் புரூஃப் சார் நிற்கிறார். கையில் போன். உள்ளே பூனைக்குட்டியை அடைத்து வைத்திருப்பதுபோல அதை இறுகப் பொத்திப் பிடித்திருந்தார்.

ஐந்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு நாள்கூட அவர் என் வீட்டு மணியை அடித்ததில்லை.

"கொஞ்சம் பேசுங்களேன்," என்றார். உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. "பொண்ணு."

அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்துப் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. லிஃப்டில் ‘தண்ணீர் தொட்டி கழுவப்படும், நாளை தண்ணீர் வராது’ என்று தாள் ஒட்டினால், பென்சிலால் ஒரு ‘த்’ போட்டுவிட்டுப் போவார். தண்ணீர் வராததைப் பற்றி மூச்சுவிட மாட்டார்.

அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. சுவர் மெல்லியது. அதோடு என் பக்கம் சத்தமும் குறைவு.

வாரம் ஒரு புத்தகம் நூலகத்திலிருந்து கொண்டுவருவார். மாடிப்படியில் எதிரே வந்தால், தலையைச் சாய்த்து அட்டையைப் படித்துவிடுவேன். எல்லாம் ஒரே ரகம். இந்த நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் கிளம்புமுன் படித்துவைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரிப் புத்தகங்கள். கோட்டை, அருவி, ஏரி. எங்கே எத்தனை படி, எத்தனை மணிக்கு மேல் வெயில் தாழும்.

இதே ஊரில் பிறந்து இதே ஊரில் நரைத்த மனிதருக்கு இது எதற்கு?

மறை கொஞ்சம் கழன்றுவிட்டது என்று மூன்றாவது மாடியில் சொல்லிவைத்தேன். மிச்ச மாடிகளை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளின் சங்கதி பிடிபட்டது. சாயங்காலம் வெளிநாட்டிலிருந்து மகள் கூப்பிடுவாள். "இன்னைக்குக் கோட்டைக்குப் போயிட்டு வந்தோம்மா," என்பார். "நாலு மணிக்கு மேல ஏறினோம், வெயிலே தெரியல."

காலையிலிருந்து அந்தக் கதவு திறக்கவே இல்லை என்பதற்கு நான் சாட்சி. செய்தித்தாள்கூட வாசலிலேயே கிடந்தது.

கூட யாரோ ஒரு சிநேகிதர் போவதாகச் சொல்வார். அந்த இடம் வரும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். நான் சுவரோடு சுவராக ஒட்டிப் பார்த்தும் பலனில்லை.

அப்பா தனியாகக் கிடக்கிறார் என்று தெரிந்தால் அவள் வேலையை உதறிவிட்டு வந்து நிற்பாள். போன வருடம் ஒரு தடவை பெட்டியே கட்டிவிட்டாளாம். அன்றைக்கு அவர் கெஞ்சியது எனக்குத் தெளிவாகவே கேட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் முதல் புத்தகம் வந்தது.

இன்றைக்கு ஏரி. படகில் போய் நடுத்திட்டில் இறங்கினார்களாம், பறவைகள் பார்த்தார்களாம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சட்டென்று பேச்சு நின்றது. செருப்புச் சத்தம். அப்புறம் என் வீட்டு மணி.

"படகை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சாம்," என்றார் பொத்திய கையை எடுக்காமல். "இப்பதான் நெட்டுல பார்த்தாளாம்."

அக்குளில் அந்தப் புத்தகம். உருவிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில். ஒரு காற்புள்ளி அவரிடம் தப்பவில்லை. அச்சிட்ட வருடத்தை மட்டும் மனிதர் பார்க்கவில்லை. புத்தகத்துக்குப் பதினோரு வயது.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கு, உண்மையைச் சொன்னால் என்ன, நாக்கு அரித்தது. மூன்று மாடிக்கும் மூன்று மாதம் தாங்கும் சங்கதி.

போனை வாங்கினேன்.

"மாமாவா? உங்க குரல் நான் நெனைச்ச மாதிரியே இல்ல மாமா," என்றாள். "ஞாயித்துக்கிழமை ஆனா உங்க புராணம்தான் இங்க. அருவியில வழுக்கி விழுந்துட்டு, யாரும் பாக்கலியேன்னு கேட்டீங்களாமே?"

நான் அப்படிக் கேட்டிருக்கிறேனாம். கோட்டைச் சுவரில் யாரோ கிறுக்கியிருந்ததைப் பார்த்து, அவர் பென்சில் எடுக்கப் போக, பிடித்து இழுத்து வந்ததும் நான்தானாம். எனக்குத் தெரியாமல் எத்தனை இடம் சுற்றியிருக்கிறேன்!

புரூஃப் சார் என் வீட்டு மிதியடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்டையைச் செருமினேன். இத்தனை வருடம் வம்பளந்த வாய், சமயத்தில் கைவிடுமா?

"அரசாங்கப் படகுதாம்மா நின்னுபோச்சு. மீன் பிடிக்கிறவர் ஒருத்தரைக் காக்கா பிடிச்சு ஏறினோம். உங்கப்பா ஏறினவுடனே என் கையைப் புடிச்சாரு பாரு, கரைக்கு வந்து டீ குடிக்கிற வரைக்கும் விடல!"

அந்தப் பக்கம் சிரிப்பு. நம்பிய சிரிப்பு. புரூஃப் சார் கதவு நிலையில் மெல்லச் சாய்ந்தார்.

"அடுத்த வாட்டி அத்தையையும் கூட்டிட்டுப் போங்க மாமா. பாவம், உங்களுக்கெல்லாம் சாப்பாடு கட்டிக் குடுக்கறதோட சரியாமே. முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?"

புரூஃப் சார் முகம் வெளுத்துவிட்டது. போனைப் பிடுங்கக் கை நீட்டினார். மூன்று வருடத்துக்கு முன்னால், லிஃப்டில் இடம் போதாமல் என் மனைவியைப் படிவழியே கடைசியாக இறக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர்.

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இப்ப தேவலாம்மா," என்றேன். "படி ஏறத்தான் கொஞ்சம் சிரமப்படறா."