கலர் கட்டம்

பட்டாசுக் கம்பெனி முதலாளி தங்கப்பாண்டியன் சிவகாசி அச்சகத்துக்குள் கோபத்தோடுதான் நுழைந்தார். அவருடைய புது வெடிக்கு லேபிள் இன்னும் முடிவாகவில்லை.

“இன்னிக்கும் அந்த மயில் படத்தையே காட்டுனேன்னு வையி, ஆர்டரை வேற பிரஸ்ஸுக்குக் கொண்டு போயிருவேன்.”

“உக்காருங்க அண்ணாச்சி. கொஞ்ச நேரத்துல காட்டிருறேன்” என்றாள் டிசைனர் பாண்டிமீனா.

அவர் உட்காரவில்லை. கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள் திரை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

“ஏத்தா, இம்புட்டு நாளா இதை எங்கன ஒளிச்சு வச்சிருந்தே?”

“அண்ணாச்சி, அது வந்து…”

“பேசாதே. வானத்துல வெடிச்ச மாதிரியே இருக்கு. இதான் லேபிள்!”

போனில் படம் எடுத்துக் கம்பெனிப் பங்காளிக்கு அனுப்பினார். உடனே சம்மதம் வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பாண்டிமீனாவுக்குப் பொறுக்கவில்லை.

“அது லேபிளே இல்லை அண்ணாச்சி. இது பழைய கம்ப்யூட்டர். ஹார்டு டிஸ்க்குல ஃபைலெல்லாம் துண்டு துண்டாக் கிடக்கு. டிஃப்ராக் போட்டிருக்கேன், அதையெல்லாம் ஒண்ணு சேக்குது. அதைத்தான் கலர் கட்டமாக் காட்டுது. உங்க லேபிளும் அதுக்குள்ளதான் கிடக்கு.”

தங்கப்பாண்டியன் மறுபடி திரையைப் பார்த்தார். ஒரு சிவப்புக் கட்டம் நகர்ந்து போய் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டது.

“என் லேபிள்ல என்ன படம்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “மயில்.”

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அப்ப முதல்ல அதை நிப்பாட்டுத்தா! எல்லாம் ஒண்ணு சேந்துட்டா, அப்புறம் வெடி எங்கன வெடிக்கும்?”