மூக்காயி நடந்த வழி

முதலில் குதிரைகள் வேலி போட்டு வழியை மறித்தன. பிறகு முள்ளைப் பரப்பின. அப்புறம் உதைத்து விரட்டின. அத்தனையையும் மீறி, கடற்கரைப் பட்டணத்திலிருந்து பக்கத்துக் கிராமத்துக்கு உப்பு சுமந்து, நடந்து நடந்தே பாதை உண்டாக்கியது மூக்காயி என்ற கழுதை.

பாதை சீரானதும் குதிரைத் தலைவர் வந்தார். தன் பெயரைக் கல்லில் வெட்டவைத்து, அந்தக் கல்லை அங்கே நட்டார். திறப்பு விழாவுக்குக் காகங்களும் நண்டுகளும் கூடின. அந்தக் கூட்டத்தில் எழுத்துத் தெரிந்தது, சுவரொட்டி தின்றே படித்த ஓர் ஆட்டுக்கு மட்டும்தான்.

"டேய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படி!" என்று கனைத்தார் தலைவர்.

"அதுல என் பேரு இருக்கா தம்பி?" என்று கிசுகிசுத்தது மூக்காயி.

"இல்லக்கா. கொஞ்சம் பொறு."

ஆடு கல்லைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தது:

"மூக்காயி பாதை!"