முகர்ந்து சொல்லவும்

வகுப்பில் எல்லோரும் சிமெண்டு என்று கூப்பிடும் அவன், டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூக்கருகே வைத்து, நன்றாக இழுத்து முகர்ந்தான். விரலால் நசுக்கிப் பார்த்தான். நக்கிப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை.

பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய், மரம் மட்டை மிருகங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் படிக்கிறான். செய்முறைத் தேர்வில் ஒரு மிருகத்தின் விட்டையைத் தருவார்கள். போட்டது யார், தின்றது என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால் மச்சானுடைய சிமெண்டு கிடங்கில் மறுபடியும் மூட்டை தூக்க வேண்டும். சிமெண்டு என்ற பட்டப்பெயரும் அங்கிருந்து வந்ததுதான். "ஒன் எடத்துல வேற ஆளப் போடல மாப்ள, சாயங்காலம் வந்துரு" என்று வாழ்த்தி அனுப்பியிருந்தார் மச்சான்.

தேர்வாளர் அம்மா அவனை உட்காரச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். அவர் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டால் நல்ல பேர் வாங்கலாம் என்று, மேசைமேல் இருந்ததை இவனே திறந்துவிட்டான். வகுப்பில் கண்ணாடிப் புட்டியில் காய்ந்ததைத்தான் காட்டுவார்கள். இது எவர்சில்வர் டப்பா, சூடுகூட ஆறவில்லை. பரீட்சை என்றால் அந்த மரியாதை இருக்கத்தானே செய்யும்.

அம்மா ஈரக் கையோடு வந்து வாயைத் திறந்தார். சிமெண்டு விடவில்லை. யார் குறுக்கே பேசினாலும் விளக்கத்தை நிறுத்தக் கூடாது என்பது வகுப்பில் முதல் பாடம்.

"பிள்ளைங்களா, நல்லாப் பாருங்க. மேல கரிக்கட்ட, உள்ள கொழகொழ. மீன் முள்ளு, வெதை எல்லாம் அப்படியே கெடக்கு. மெல்லாம முழுங்கற வயசான மிருகம். இப்பதான் போட்டிருக்கு, பக்கத்துலதான் எங்கயாவது படுத்திருக்கும்."

அம்மா மறுபடி வாயைத் திறந்தார். இவன் டப்பாவை அவர் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"இந்த நாத்தத்தப் பாருங்க. பாவம், வயிறு கெட்டு ரொம்ப நாளாச்சு. பொழைக்கறது கஷ்டம்."

அம்மா டப்பாவை வாங்கி மூடித் தன் கைப்பைக்குள் வைத்தார். பாஸா, பெயிலா என்று சிமெண்டு மெல்லக் கேட்டான்.

"சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல, பாஸ்தான்," என்றார் அம்மா. "இன்னைக்கு எனக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்தது எங்க வீட்டுக்காரர்."