ஏழாவது இடத்தில் நார்ப்பின் அணி

கையிலிருந்த தாளில் ஏழாவது இடத்துக்கு வந்தபோது, அடுத்து எதைப் படிக்கப்போகிறோம் என்பதை வெண்டலின் கண் பார்த்துவிட்டது. வாய் அதற்குள் பாதி தூரம் போயிருந்தது.

"ஏழாவது, நார்ப் டீம். வழக்கம்போல டோரீன் பொறுக்கிக் குடுத்தது. நார்ப்பே ஆளெடுத்திருந்தா பன்னிரண்டாவது."

யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டிலிருந்து எட்டுவரை மேசையைத் தட்டிச் சிரித்தவர்கள், இப்போது தட்டிலிருந்த மீனைப் பார்த்தார்கள்.

நார்ப்பின் மனைவி டோரீன் ஜனவரியில் இறந்துபோனாள். உறைந்த பனியில் கால் வழுக்காமல் அவள் சவப்பெட்டியைத் தூக்கிச் சென்ற ஆறு பேரில் வெண்டலும் ஒருவன்.

நார்ப் தலை நிமிரவில்லை. எலுமிச்சைத் துண்டை மீன்மேல் பிழிந்துகொண்டிருந்தான். சாறு தீர்ந்த பிறகும் பிழிந்தான்.

அமெரிக்காவின் ஷெபாய்கன் ஊரில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் இந்த மதுக்கடையில் பன்னிரண்டு பேரும் இருபத்திரண்டு வருடமாகக் கூடுகிறார்கள். பெரிய லீகில் ஆடும் பேஸ்பால் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டு, ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொள்வார்கள். அவர்கள் மைதானத்தில் அடிப்பதெல்லாம் இவர்களுக்கு இங்கே புள்ளி. சீசன் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம், எந்த அணி எந்த இடத்தில் வரும் என்று கடைசியிலிருந்து வரிசைப்படுத்தி, ஆளுக்கு ஆள் கிண்டலோடு எழுதிப் படிப்பது வெண்டல்தான். அதைக் கேட்பதற்காகவே தொண்ணூறு மைல் வண்டி ஓட்டி வருகிறவனும் உண்டு.

நார்ப்புக்கு எழுதும் வரி ஒவ்வொரு வருடமும் ஒன்றுதான். இடம் மட்டும் மாறும். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சள் தாளில் எழுதிவந்த பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு டோரீன்தான் ஆட்களைச் சொல்வாள். தன் வரி வரும்போது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவளும் அவள்தான்.

இந்த வருடம் வெண்டல் எதையும் எழுதவில்லை. காலையில் போன வருடத்துக் கோப்பைத் திறந்தான். பெயர்களை மேலும் கீழும் நகர்த்தினான். நாலைந்து வரியைப் புதிதாகச் சேர்த்து அச்செடுத்தான். நார்ப்பின் அணியில் யார் யார் என்றுகூடப் பார்க்கவில்லை. நடுவில் வைத்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஆறு, ஐந்து, நான்கு என்று மிச்சத்தை வேகமாகப் படித்து முடித்தான். சிரிப்பு ஒப்புக்கு வந்தது.

லைல்தான் பேச்சை மாற்றினான். மாற்றுவதாக நினைத்து, வந்ததிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்த கிண்டலை மறுபடி எடுத்தான்.

"என்னதான் சொல்லு நார்ப், முழங்கையை அறுத்துத் தச்சுக்கிட்டு வருஷம் பூராவும் படுத்துக் கெடக்கப்போறவனை மூணாவது ரவுண்டுல எடுத்திருக்கியே. பேப்பர் வீட்டுக்கு வருதா இல்லையா?"

நார்ப் புன்னகை மட்டும் செய்தான். பனிப்புயலால் இந்த முறை ஆட்டக்காரர் தேர்வு அவரவர் வீட்டிலிருந்து போனில் நடந்தது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் தடுத்திருப்பார்கள்.

கோட்டு மாட்டும் மூலையில் வெண்டல் காத்திருந்தான். கேட்க வேண்டிய மன்னிப்பை மூன்று விதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டான். நார்ப் நேராக அவனிடம்தான் வந்தான். அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"எப்படிடா கண்டுபுடிச்ச?"

வெண்டலுக்குப் புரியவில்லை.

"யார்கிட்டயும் சொல்லலடா நான். டிசம்பர்ல டோரீன் ஆஸ்பத்திரிப் படுக்கையில உக்காந்து இந்த வருஷத்து லிஸ்ட்டை எழுதி வச்சா. அதே மஞ்சத் தாளு. லைல் சொன்னானே, அவன் கை பிப்ரவரியிலதானே போச்சு, அவளுக்கு எப்படித் தெரியும்? மாத்த மனசு வரல. அவ எழுதின வரிசையிலயே எடுத்தேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "இவனுங்க எல்லாம் என்னை மடையன்னு நெனச்சானுங்க. நீ ஒருத்தன்தான் உக்காந்து என் டீமைப் பாத்திருக்க."

மூன்று விதமாகத் தயார் செய்ததில் ஒன்றை இப்போது சொல்லியிருக்கலாம்.

"ம்," என்றான். பிறகு, யாரும் கேட்காமலேயே, "பாத்ததும் தெரிஞ்சுது," என்றான்.

நார்ப் அவன் தோளை அழுத்திப் பிடித்தான். வலித்தது.

"அந்தத் தாளைக் குடு. அவ லிஸ்ட்டோட சேத்து வச்சுக்கறேன்."

வெண்டல் கொடுத்தான். நார்ப் அதைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். சட்டைப்பையைத் தடவினான். கண்ணாடி வண்டியில் இருப்பதாகச் சொல்லி, தாளை மடிக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் வெண்டலின் கண்ணில் தலைப்பு பட்டது. கொட்டை எழுத்தில் இருந்த வருடத்தை அவன் மாற்றவே இல்லை. அது போன வருடம்.

தாள் நான்காக மடிந்து கோட்டுக்குள் போனது. நார்ப் வெளியே போனான்.

ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக வெண்டல் ஜன்னலோரம் நின்றான். எதிர்ச்சாரியில் நார்ப் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். குனிந்து எதையோ தேடினான். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

வண்டி கிளம்பவில்லை.