எட்டிப் பிடித்த டயர்

ஒரு காருக்கு அழகுக்காக அகலமான அலாய் வீல் மாட்டினார்கள். டயர் மட்டும் பழைய அளவு. புதுசாய்த்தானே இருக்கிறது என்று காற்றை அமுக்கி அடித்து, அதையே இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

"வலிக்குதா?" என்று முன்பக்கத்து வீல் தன் டயரைக் கேட்டது.

"இல்லையே" என்றது டயர். வீலின் இரண்டு ஓரங்களையும் எட்டிப் பிடித்ததில் அதன் பக்கங்கள் விறைத்துக் கிடந்தன.

ஒவ்வொரு வேகத்தடை தாண்டியதும் வீல் அதையே கேட்கும். டயரும் "இல்லை" என்றே சொல்லும்.

ஒருநாள் வண்டியை ஓரங்கட்டும்போது வீலின் விளிம்பு நடைபாதைக் கல்லில் உரசிக் கீறிக்கொண்டது.

"உன் விளிம்பை மூடிக் காப்பாத்த என் அகலம் பத்தலையே" என்று டயர் அழுதது.

"கீறல் கிடக்கட்டும். நீ இழுபட்டு நிக்கிறதத்தான் பாக்க முடியல" என்றது வீல். காற்றைப் பிடித்து வைக்கும் வால்வு அதனிடம்தான் இருந்தது. டயரைப் பிரிய மனசே இல்லாமல் அதை லேசாக நெகிழ்த்தியது. காற்று இறங்கியது.

வண்டி டயர் கடைக்குப் போனது. கடைக்காரர் செல்லையா பார்த்ததும் சொல்லிவிட்டார். "இந்த வீலுக்கு இது பத்தாதுங்க. நாலையும் அகலமா மாத்திடுங்க."

கழற்றிய அந்த டயரை ஸ்டெப்னியின் ஒடுங்கிய இரும்பு வீலில் மாட்டி டிக்கியில் வைத்தார். அதன் பக்கங்கள் மெல்ல உப்பின.

வண்டி கிளம்பி முதல் வேகத்தடையைத் தாண்டியது.

"வலிக்குதா?" முன்னாலிருந்து அந்த அலாய் வீல் கேட்டது.

"இல்லை" என்று பழக்கத்தில் சொன்னது டயர். சொன்ன பிறகுதான், நிஜமாகவே வலிக்கவில்லை என்று அதற்குத் தெரிந்தது.